ஆபிரகாம், ஈசாக்கு கதையை ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்?

லிங்கராஜபுரம் டீச்சர்

பெங்களூரில் எங்கள் சபையில் தமிழ் ஆராதனை நடக்கும் நேரத்தில் பின்பக்க ஹாலில் ஞாயிறு பள்ளி. பிரைமரி வகுப்பு என்னுடையது. ஐந்து முதல் எட்டு வயது வரை. பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் கன்னடமும்தான். அதனால் அதிகாரத்தை அப்படியே வாசித்துவிட்டு நகர முடியாது, கதையாகத்தான் சொல்லியாக வேண்டும்.

இந்த மாதத் தலைப்பு தியாகம். பாடப் புத்தகத்தில் கொடுத்திருப்பது ஆதியாகமம் 22: மகன் ஈசாக்கைப் பலியிடும்படி கடவுள் ஆபிரகாமிடம் கேட்டு, கடைசி நேரத்தில் தடுத்துவிடுகிற கதை. கூடவே வண்ணம் தீட்ட ஒரு தாள்: விறகின் மேல் கட்டிக் கிடக்கும் ஈசாக்கு, கத்தியை ஓங்கிய ஆபிரகாம், மூலையில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா. கதை முடிந்தது, மனப்பாட வசனமும் முடிந்தது, கிரேயான் டப்பாவைத் திறந்தேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி சிவப்பை எடுத்து முதல் வேலையாகக் கத்திக்குப் பூசினாள். பூசிக்கொண்டே, "மிஸ், அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாங்களா?" என்றாள்.

சொல்லிவிட்டுப் போனதாக வேதத்தில் இல்லை. அந்த அதிகாரத்தில் சாராள் பேச்சே இல்லை. "எழுதலைம்மா" என்றேன். அவள் விடவில்லை. "சொல்லியிருந்தா அம்மா விட்டிருக்க மாட்டாங்க."

அன்று இரவு ஒரு பையனின் அப்பா போன் செய்தார். கோபமாக எல்லாம் இல்லை, பாவம், குழம்பிப் போயிருந்தார். படுக்கும்போது பையன், "கடவுள் கேட்டா என்னையும் குடுத்துடுவீங்களா டாடி?" என்று கேட்டானாம். "மாட்டேன்னு சொன்னா நான் விசுவாசம் இல்லாதவன். குடுப்பேன்னு சொன்னா அவன் தூங்க மாட்டான். நீங்களே சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

இன்னும் சில வாரம் இதே தலைப்பு ஓட வேண்டும். பாடத்திட்டப்படியே போங்கள் என்கிறார் போதகர். எந்த மதமானாலும் சரி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மாரிக்குப்பம் தாத்தா

நான் கோலார் தங்கவயலில் ஞாயிறு பள்ளி படித்தவன், பிறகு அங்கேயே பல வருஷம் நடத்தியவன். பிளானல் துணி போர்டில் ஆபிரகாம், கழுதை, விறகு, ஈசாக்கு என்று ஒவ்வொன்றாக ஒட்டிக் காட்டுவோம். கத்தியும் ஒரு துண்டு. ஒரு பிள்ளையும் பயந்து ஓடவில்லை.

எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் பூமிக்குள் இறங்கினவர்கள். உள்ளே பாறை வெடித்தால் லைன் வீடு அத்தனையும் வாசலுக்கு வந்து நிற்கும். அந்தப் பிள்ளைகளுக்குச் சாவு புதிதில்லை. அவர்களிடம் போய் முயல் குட்டி கதை சொன்னால் சிரித்திருப்பார்கள். ஆபிரகாம் கதை அவர்களுக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் பையன் உயிரோடு வீடு திரும்புகிறான்.

இப்போதைய பெற்றோர்தான் பயப்படுகிறார்கள். கதையை நறுக்காதீர்கள் அம்மா.

வெள்ளைத்தாள்

ஐயா, அந்தப் பிள்ளைகளுக்குப் பயம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வெளியே சொல்லவில்லை என்பதுதானே உங்களுக்குத் தெரியும். லைன் வீட்டில் யாரிடம் போய்ச் சொல்லும் ஒரு ஆறு வயது?

நான் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகர். இறந்தவர் திரும்பி வர மாட்டார், எல்லாரும் ஒருநாள் இறப்பார்கள் என்ற புரிதல் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் மெல்ல உருவாகிறது. சிலருக்கு இன்னும் தாமதம். டீச்சரின் வகுப்பு சரியாக அந்த வயதில் நிற்கிறது. பாதிப் பேருக்குச் சாவு புரியாது. மீதிப் பேருக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்திருக்கிறது, அதனாலேயே அது மனதில் பெரிதாக நிற்கும்.

இன்னொன்று. பெரியவர்கள் இந்தக் கதையை ஆபிரகாமின் இடத்தில் நின்று கேட்கிறோம். "எவ்வளவு பெரிய விசுவாசம்!" குழந்தை எங்கே போய் நிற்கும்? விறகின் மேல்தான் நிற்கும், அதற்கு வேறு இடமே இல்லை. அந்தப் பையன் தூக்கத்துக்கு முன் கேட்ட கேள்வி கதையை அவன் மிகச் சரியாகப் புரிந்துகொண்டதன் அடையாளம்.

மறைக்கல்வி அண்ணன்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களால் இந்தக் கதையை ஒளித்து வைக்கவே முடியாது. ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் படைப்புக் கதைக்கு அடுத்து வாசிப்பதே இதுதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிற்றிலும் வரும், 2024-ல் வந்தது. அம்மா மடியில் பாதித் தூக்கத்தில் இருக்கிற பிள்ளையின் காதிலும் ஒலிபெருக்கியில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆக வகுப்பில் சொல்லலாமா கூடாதா என்பது கேள்வியே இல்லை. வகுப்பில் நாம் சொல்லாவிட்டால் மைக் சொல்லும், அதனிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது.

நான் செய்வது: கதையைக் கடைசியிலிருந்து தொடங்குவேன். "பிள்ளைகளைப் பலி கொடுக்கிற வழக்கம் அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தது. நம் கடவுள் அதை நிறுத்தச் சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா?" இப்படி ஆரம்பித்தால் பையன் பிழைப்பான் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். கூடவே எரேமியா 7:31. பிள்ளைகளைத் தீயில் சுட்டெரிப்பதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று கடவுளே சொல்கிறார். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அந்த அப்பா பையனிடம் தைரியமாக "மாட்டேன், கடவுளும் கேட்க மாட்டார்" என்று சொல்லலாம். விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

மாரிக்குப்பம் தாத்தா

"கேட்க மாட்டார்" என்கிறீர்கள் தம்பி. 22-ம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் கேட்டாரே.

மறைக்கல்வி அண்ணன்

கேட்டார் ஐயா, அதை மறைக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் அதோடு மல்லுக்கட்டட்டும். நானே இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆறு வயதில் வேண்டாம்.

அல்சூர்க் குளம்

நாங்கள் சைவம். வீட்டில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளை உட்கார வைத்து தேவாரமும் நாயன்மார் கதையும் சொல்லித் தருகிறேன். உங்கள் இழையைப் படித்ததும் சிறுத்தொண்டர்தான் நினைவுக்கு வந்தார்.

தெரியாதவர்களுக்கு: பல்லவர் படையோடு போய் வாதாபியை வென்ற பரஞ்சோதியார், போர்த்தொழிலை விட்டுத் திருச்செங்காட்டங்குடியில் அடியாருக்கு அமுது படைத்து வாழ்கிறார். பைரவ வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்கிறார். அதற்கு நிபந்தனை வேறு. பிள்ளைக்கு ஐந்து வயது இருக்க வேண்டும், வீட்டுக்கு ஒரே மகனாக இருக்க வேண்டும், தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும், இருவரும் மனம் மகிழ்ந்து செய்ய வேண்டும். ஈசாக்கு கதையிலாவது கத்தி இறங்கவில்லை. இங்கே இறங்கி, சமைத்து, இலையும் போட்டாகிவிட்டது. அப்புறம்தான் வந்தவர், "உன் மகனையும் கூப்பிடு, சேர்ந்து உண்போம்" என்கிறார். வாசலில் நின்று கூப்பிட்டதும், பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருகிறவன் போலச் சீராளன் ஓடி வருகிறான். அந்த ஊரில் இன்றைக்கும் சித்திரைப் பரணியில் அமுது படையல் விழா நடக்கிறது.

சேக்கிழார் அந்த இடத்தை எழுதியிருக்கும் விதம் அபாரம். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து நிஜமாகவே ஓடி வந்து, பையைக் கழற்றி எறிந்துவிட்டு என் எதிரில் உட்காரும் ஐந்து வயதுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இயற்பகையார் கதையையும் தொடுவதில்லை. மனைவியையே கேட்டவருக்குக் கொடுத்தவர்! அதை இந்த வயதில் எடுத்தால் பெற்றோர் என்னைத்தான் கேட்பார்கள்.

கண்ணப்பர் கதையைத் தயங்காமல் சொல்வேன். அதிலும் ரத்தம் உண்டு. காளத்தியில் லிங்கத்தின் கண்ணில் குருதி வடிய, திண்ணன் பச்சிலை தேடி ஓடுகிறான், ரத்தம் நிற்கவில்லை. "ஊனுக்கு ஊன்" என்ற பேச்சு நினைவுக்கு வர, தன் கண்ணையே அம்பால் அகழ்ந்து அப்புகிறான். அடுத்த கண்ணிலும் ரத்தம். இதையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, அடையாளத்துக்குச் செருப்புக் காலைச் சாமி கண்மேல் ஊன்றிக்கொள்கிறான். இந்த இடத்தில் குழந்தைகள் குதிக்கும். சாமி மேல காலா! ஒருத்தராவது எழுந்து நடித்துக் காட்டாமல் வகுப்பு முடியாது. ஒரு குழந்தையும் இதற்குப் பயந்து நான் பார்த்ததில்லை.

ஏன் என்று யோசித்ததில் எனக்குப் பட்டது இதுதான். கண்ணப்பர் கொடுத்தது தன் கண்ணை. சிறுத்தொண்டர் கொடுத்தது சீராளனை. சிபி தன் தொடைச் சதையை அறுத்து வைத்தான், புறாவின் எடைக்கு இன்னொரு புறாவைப் பிடித்து வைக்கவில்லை. தன்னுடையதைக் கொடுத்தால் குழந்தைக்குத் தியாகம் என்று புரிகிறது. அடுத்தவரைக் கொடுத்தால், அது எவ்வளவு பெரிய பக்தியானாலும், குழந்தை அந்த அடுத்தவராகத்தான் நிற்கும். பாடத்தை ரத்தம் உள்ளது, இல்லாதது என்று பிரிக்காமல் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

லிங்கராஜபுரம் டீச்சர்

அக்கா, போன் பேசி வைத்ததிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். சிலுவைப் பாடத்தை இதே பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்கிறோம். ஆணி, முள்முடி எல்லாம் உண்டு. அழுவார்கள், ஆனால் "எனக்கும் நடக்குமா" என்று யாரும் கேட்டதில்லை. அங்கே அவர் தன்னையே கொடுக்கிறார்.

டேனரி ரோடு அத்தா

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் இந்தப் பாடம் எங்கள் வீட்டு வாசலிலேயே கட்டிக் கிடக்கும், மே என்று கத்தும்.

குர்ஆனில் (37:102) இப்ராஹீம் நபி மகனிடம் கனவைச் சொல்லி, "உன் கருத்து என்ன?" என்று கேட்கிறார். மகன், "கட்டளைப்படி செய்யுங்கள், என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள்" என்கிறார். மகன் பெயர் அந்த இடத்தில் இல்லை. இஸ்மாயீல் நபி என்பதுதான் முஸ்லிம்களில் பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. அதனால் மக்தபில் (குர்ஆன் ஓதும் வகுப்பில்) எங்கள் பிள்ளைகள் படிக்கிற கதையில் பையன் வெறுமனே கட்டிக் கிடக்கிறவன் இல்லை, அவனும் ஒரு ஹீரோ. அல்சூர் அக்கா சொன்ன கணக்கில் பார்த்தால், இங்கே மகனும் தன்னைத்தான் கொடுக்கிறான். "அத்தா என்னை அறுத்துடுவீங்களா" என்று என் பிள்ளைகள் கேட்டதில்லை.

அதற்குப் பதில் ஆட்டுக்காக அழுவார்கள்! சாம்ராஜ்பேட்டை ஈத்கா மைதானம் பக்கம் போய்ப் பன்னூர்க் கிடா ஒன்று பிடித்து வருவோம். மகள் அதற்குத் தண்ணீர் வைப்பாள், கொத்தமல்லித் தண்டு கொடுப்பாள், ராத்திரி குளிருமே என்று தன் பழைய ஸ்வெட்டரைக் கொண்டுபோய் மேலே போடுவாள். அப்புறம் பெருநாள் காலை. பார்க்க வேண்டாம் என்று உள்ளே வைத்திருந்தாலும் அவளுக்குத் தெரியாதா என்ன?

நாங்கள் செய்வது ஒன்றுதான். "ஆடு சொர்க்கத்துக்குப் போச்சு, சந்தோஷமா போச்சு" என்று கதை விடுவதில்லை. அழுதால் அழட்டும். மூன்று பங்கு வைத்து, ஏழைகள் பங்கைப் பொட்டலம் கட்டும்போது கூட உட்கார வைப்போம், கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவள் கையால் கொடுக்கச் சொல்வோம். "இறைச்சியும் ரத்தமும் அல்லாஹ்வைச் சேராது, உங்கள் இறையச்சமே சேரும்" என்று 22:37-ல் இருக்கிறது. அதை ஓதிக் காட்டும் இடம் அந்தப் பொட்டலம்தான், கத்தி இல்லை.

குறள்வெறி

"அவிசொரிந் தாயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று." குறள் 259. மூன்று மதத்து ஆட்களும் கூடி எந்த வயதில் கத்தியைக் காட்டலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவருக்குச் சிலை வேறு நிற்கிறது.

டேனரி ரோடு அத்தா

குறளை மதிக்கிறேன் சார். சைவமா அசைவமா என்று தனி இழை தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறேன். இங்கே டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

ஹொரமாவு அம்மா

நான் வகுப்பு எடுக்கிறவள் இல்லை, பிள்ளையை அனுப்புகிறவள். "தன்னுடையதைக் கொடுப்பது" என்ற பேச்சில் ஒரு விஷயம் உறுத்துகிறது.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு பொம்மை சேர்த்தார்கள். "உனக்கு ரொம்பப் பிடித்ததைக் கொடு, அதுதான் தியாகம்" என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். என் மகளுக்கு ஒரு துணி யானை உண்டு. ஒரு காது பிய்ந்து நான் வேறு கலர் நூலில் தைத்தது. அது இல்லாமல் தூங்க மாட்டாள். அவள் கொண்டுபோனது ஒரு புது பார்பி, டப்பாகூடப் பிரிக்காதது. பெட்டி பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா அவளிடம், "இதுவா உனக்குப் பிடிச்சது? இயேசப்பா பாக்கிறாரே" என்றார். மகள் முகம் போன போக்கைப் பார்த்துக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

யானையைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டிருந்தால் அது யாருடைய தியாகம்? அந்தப் பெரியம்மாவுடையதுதான், என் மகளை வைத்து. ஒரு காது போன யானை அந்த இல்லத்துக் குழந்தைக்கு எதற்கு? அதற்கும் புது பொம்மைதானே ஆசையாக இருக்கும்!

அதோடு வீட்டில் ஓடுகிற பாட்டு வேறு. "உனக்காக வேலையை விட்டேன், உனக்காக ஊரை விட்டு வந்தேன்." நானும் பாடுகிறவள்தான். ஞாயிற்றுக்கிழமை தியாகம் பற்றி வகுப்பு நடந்தால் திங்கட்கிழமை என் பாட்டுக்கு இன்னும் சுதி சேரும். பிள்ளைக்குக் கடன் கணக்கு ஏறுகிற மாதிரி இதைச் சொல்லித் தராதீர்கள்.

வெள்ளைத்தாள்

இந்தப் பதிவை அச்செடுத்து ஆசிரியர் கூட்டத்தில் வாசிக்கலாம். சின்ன வயதில் கொடுப்பது என்பது குழந்தை தானாகத் தேர்ந்தெடுக்கிற அளவில் இருக்க வேண்டும். "மாட்டேன்" என்று சொல்ல வழி இருந்தால்தான் "தருகிறேன்" என்பதற்கு மதிப்பு.

மாரிக்குப்பம் தாத்தா

எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் தன்னுடையது, அடுத்தவருடையது என்று கோடு போட்டதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆபிரகாமுக்கு நூறு வயதில், சாராளுக்குத் தொண்ணூறில் பிறந்த பிள்ளை. வானத்து நட்சத்திரம்போல் சந்ததி என்ற வாக்குத்தத்தம் முழுக்க அந்த ஒரு உயிரில் தொங்குகிறது. அவனைக் கேட்பதற்குப் பதில் "நீ சாவு" என்று கேட்டிருந்தால் கிழவன் சிரித்துக்கொண்டே படுத்திருப்பான். என் மூத்தவன் ஜுரத்தில் கிடந்தபோது எனக்குத் தெரிந்தது அது. பிள்ளை பெற்றவனுக்குத் தன் உயிர்தான் சுலபமாகக் கொடுக்கக்கூடியது.

இன்னொரு விஷயம் அந்த வண்ணத் தாள். படம் போட்டவர் ஈசாக்கைப் பாலகன் மாதிரிப் போட்டிருப்பார். விறகுக் கட்டைச் சுமந்து மலையேறினவன் பாலகன் இல்லை. சாராள் 127 வயதில் இறந்தாள் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. அதை வைத்து யூத மரபில் ஒரு கணக்கு ஈசாக்குக்கு 37 என்று போடுகிறது. நூறைத் தாண்டின கிழவன் வாலிபனைக் கட்டிப்போட முடியுமா, அவன் சம்மதிக்காமல்? பாய் சொன்ன கதைக்கு நம் கதையும் அப்படி ஒன்றும் தூரம் இல்லை.

வெள்ளைத்தாள்

ஐயா, முதல் பத்தியில் நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அது பிள்ளை பெற்றவருக்குத்தான் புரியும், அதைத்தான் நீங்களே சொல்கிறீர்கள். பிரைமரி வகுப்பில் யாரும் இன்னும் பிள்ளை பெறவில்லையே.

மாரிக்குப்பம் தாத்தா

சரி, அது நியாயம். அந்த வண்ணத் தாளையாவது தூக்கிப் போடுங்கள்.

லிங்கராஜபுரம் டீச்சர்

அனைவருக்கும் நன்றி. போதகரிடம் பேசினேன். தலைப்பை மாற்ற முடியாது, ஆனால் எந்தக் கதை என்பது என் கையில் என்று விட்டுவிட்டார். ஆதியாகமம் 22 பெரிய பிள்ளைகளின் ஜூனியர் வகுப்புக்குப் போகிறது. அங்கே மறைக்கல்வி அண்ணன் சொன்ன மாதிரி எரேமியாவோடு சேர்த்து, "சாராளிடம் சொன்னாரா" என்ற கேள்வியையும் வைத்தே நடத்தச் சொல்லியிருக்கிறேன். எனக்கு யோவான் 6: இயேசு ஐயாயிரம் பேரின் பசியாற்றிய கதையில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன். அவன் சாப்பாடு, அவனே கொடுத்தான், யாரும் சாகவில்லை, அவனும் சாப்பிட்டான்.

அந்த அப்பாவுக்கும் போன் செய்தேன். அவர் ஏற்கெனவே "மாட்டேன்டா" என்று சொல்லித் தூங்க வைத்துவிட்டாராம்.

மறைக்கல்வி அண்ணன்

நல்ல தேர்வு சிஸ்டர். ஒரு சின்ன முள் மட்டும். "அவனே கொடுத்தான்" என்று வசனத்தில் இல்லை. "இங்கே ஒரு பையன் இருக்கிறான்" என்று சீடர் அந்திரேயாதான் காட்டிக் கொடுக்கிறார். பையன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மற்ற மூன்று நற்செய்திகளில் பையனே இல்லை. ஹொரமாவு அம்மா வகுப்பில் உட்கார்ந்திருந்தால், "பிடுங்கினார்களா, கேட்டார்களா?" என்று முதல் கேள்வி வரும்.

லிங்கராஜபுரம் டீச்சர்

வரட்டும். அதையே பிள்ளைகளிடம் கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன். "அந்த மாமா உங்க டிபன் பாக்ஸைக் கேட்டா என்ன சொல்வீங்க?" மாட்டேன் என்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் வண்ணத் தாள் உண்டு.

மாரிக்குப்பம் தாத்தா

அப்பம் மீன் கதைக்குப் பிளானல் படங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இப்போது கம்மனஹள்ளியில்தான் இருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. மிச்சம் சேர்த்த கூடை பன்னிரண்டும் இருக்கிறது. ஒரு மீனைக் காணவில்லை.

லிங்கராஜபுரம் டீச்சர்

சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் ஐயா. மீனை நான் வெட்டிக்கொள்கிறேன்.